மின்தொகுப்பு கற்ற பாடம், சாலை கல்லாத பாடம்

மாலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையிலான மூன்று மணி நேரம் இந்தியாவின் இரண்டு துறைகளுக்கு நெருக்கடியான வேளை. முதலாவது மின்துறை. சூரியன் மறைந்ததும் சூரிய மின்னுற்பத்தி அற்றுப்போகிறது. வீடுகளிலும் கடைகளிலும் தெருக்களிலும் விளக்குகள் ஒருசேர எரியத் தொடங்குகின்றன. இரண்டாவது சாலைப் போக்குவரத்து. ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கைகளில் மிகுதியான விபத்துகள் பதிவாவதும் இதே மூன்று மணி நேரத்தில்தான். மொத்த விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வேளைக்குரியது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலையில் உயிரிழந்தனர்.

இவ்விரு நெருக்கடிகளையும் சேர்த்து எண்ணும் வழக்கம் கல்விப்புலத்தில் இல்லை. மின்தொகுப்பு மின்பொறியாளர்களின் பாடம். கண்கூச வைக்கும் வாகன விளக்கு போக்குவரத்துக் காவலரின் சிக்கல், அல்லது வெறும் பண்புக்குறை என்று ஒதுக்கப்படுவது. ஆயினும் அடிப்படையில் இரண்டும் ஒரே வகைச் சிக்கல். பலர் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், பொதுவான ஒன்றிலிருந்து தமக்குரியதைச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றனர். எடுப்பவருக்குக் கிடைக்கும் நன்மை உடனடியானது. அதன் இழப்போ எல்லோர் மேலும் பரவுகிறது. மின்தொகுப்பு இச்சிக்கலைக் கடந்த இருபதாண்டுகளில் பெருமளவு கட்டுக்குள் கொண்டுவந்தது. சாலை இன்னும் அதைச் சிக்கலாகவே அடையாளங்காணவில்லை. இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மின்தொகுப்பின் நலத்தை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம்: அதிர்வெண். உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்கும்போது அது 50 ஹெர்ட்ஸ். பயன்பாடு மிகுந்தால் எண் இறங்கும். உற்பத்தி மிகுந்தால் ஏறும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியத் தொகுப்புகளில் இவ்வெண் தாறுமாறாக அலைந்தது. உச்ச வேளைகளில் 48.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவதும் வழக்கமாயிருந்தது. தமக்கென ஒதுக்கப்பட்ட அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுத்துக்கொண்ட மாநிலங்களுக்கு அதனால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. அண்டை மாநிலம் இழுக்கிறது என்பதே தானும் இழுப்பதற்குப் போதிய காரணமாயிற்று. அறிவுரைகளும் சுற்றறிக்கைகளும் இப்போட்டியை நிறுத்தவில்லை.

2002-03 ஆண்டுகளில் வட்டாரம் வட்டாரமாக நடைமுறைக்கு வந்த கிடைப்பளவு சார்ந்த கட்டணமுறைதான் அதை மாற்றியது. அதன் நுட்பம் எளிது. திட்டமிட்ட அளவுக்கு மேல் எடுக்கும் மின்சாரத்தின் விலை, எடுக்கும் நேரத்து அதிர்வெண்ணைப் பொறுத்து அமையும். தொகுப்பு திணறும்போது எடுத்தால் விலை உயரும்; உபரியாக இருக்கும்போது எடுத்தால் குறையும். பிறருக்கு ஏற்படுத்தும் இடர், ஏற்படுத்துபவரின் கணக்கிலேயே எழுதப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதிர்வெண் சீரடைந்தது. அனுமதிக்கப்பட்ட இடைவெளி படிப்படியாகக் குறுக்கப்பட்டு, இன்று 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை என்னும் நிலைக்கு வந்துள்ளது.

இவ்வெற்றி முழுமையானதன்று. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் அடுத்தடுத்து நேர்ந்த பேரிருட்டு அதற்குச் சான்று. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பரப்பு மின்சாரமின்றி நின்றது. பீனா – குவாலியர் தடத்தின் மீதான மிகைச்சுமையும், அளவுக்கு மேல் இழுத்த மாநிலங்கள் குறைக்குமாறு கூறப்பட்டும் குறைக்காததும் காரணங்களுள் அடங்கும் என விசாரணைக்குழு கண்டது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீழ்ந்ததை நாடே அறிந்தது. எந்தத் தடம், எந்த நொடி என்பது பதிவாகியிருந்தது. அதனால் திருத்தமும் இயன்றது. அளவிடப்படும் சிக்கலுக்குத்தான் இத்தகைய வாய்ப்பு உண்டு.

விளக்குகளின் கூட்டு வலிமை எத்தகையது என்பதை 2020 ஏப்ரல் 5 இரவு காட்டியது. பொதுமுடக்கக் காலத்தில் ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று தொகுப்பை இயக்குவோர் முன்கூட்டியே மதிப்பிட்டனர். உண்மையில் குறைந்தது 31,089 மெகாவாட். ஏறத்தாழ 1,16,900 மெகாவாட்டாக இருந்த தேவை சிறிது நேரத்தில் 85,800 மெகாவாட்டாகச் சரிந்தது. நீர்மின் நிலையங்கள் மட்டுமே 17,500 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தியைக் குறைத்து ஈடுகொடுத்தன. அதிர்வெண் 50.26 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. அன்று விளக்குகளோடு பிற கருவிகளும் அணைக்கப்பட்டிருக்கலாம். ஆலைகள் மூடிக் கிடந்ததால் மொத்தத் தேவையும் குறைவு. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும், தனித்தனியே அற்பமான விளக்குகள் ஒரே நேரத்தில் இயங்கும்போது பெரும் மின்நிலையங்களுக்கு நிகராகின்றன என்பது ஐயமற விளங்கிற்று.

இவ்விளக்குகளின் பசியைக் குறைத்தது எல்.இ.டி. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் விற்கப்பட்டன. அதே நாளில் தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன. 60 வாட் குண்டு விளக்கின் வேலையை 9 வாட் விளக்கு செய்தது. உச்சத்தேவையில் 9,500 மெகாவாட்டுக்கு மேல் தவிர்க்கப்பட்டதாக அரசின் கணக்கு கூறுகிறது. இந்தியப் பொதுக்கொள்கை வரலாற்றில் இது பெருமைக்குரிய சாதனை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் இச்சாதனை ஓர் அளவையை மட்டுமே கணக்கில் கொண்டது. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்பதே கேள்வி. அந்த லூமன் எத்திசையில் செல்கிறது, யார் கண்ணில் விழுகிறது என்பது கேட்கப்படவில்லை. வீட்டுக் கூடத்தில் இக்கேள்வி தேவையற்றது. ஒளி சுவரில் பட்டு மீண்டும் கூடத்துக்கே வந்துசேரும். சாலையிலோ இதுதான் முதற்கேள்வி.

வாகன விளக்குகளின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. ஹாலஜன் காலத்தில் முகப்பு விளக்கு 60/55 வாட் அளவுடையது. கூடுதல் ஒளி வேண்டுவோர் 100/90 வாட் விளக்குகளை வாங்கிப் பொருத்தினர்; சட்டம் அனுமதிக்கவில்லை, சந்தை அனுமதித்தது. எனினும் அதற்கு இயற்கையாகவே ஓர் எல்லை இருந்தது. கம்பி சூடேறியது, விளக்குக் கூடு உருகியது, பேட்டரி தளர்ந்தது. சட்டம் செய்யத் தவறியதை ஓரளவுக்கு வெப்பம் செய்தது. எல்.இ.டி. அந்த எல்லையை நீக்கிவிட்டது. முன்னிலும் குறைந்த மின்சாரத்தில், கம்பியைச் சுடாமல், பன்மடங்கு ஒளியைச் சில நூறு ரூபாய்க்கு எவரும் பெறலாம். விலை குறைந்தால் நுகர்வு பெருகும் என்று 1865இல் நிலக்கரியைப் பற்றி வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் முன்வைத்த வாதம் இங்கு ஒளிக்குப் பொருந்துகிறது. ஒரு வேறுபாடு உண்டு: ஜெவன்ஸ் கண்ட மிகை நுகர்வு நுகர்பவரின் செலவில் நடந்தது, இங்கோ எதிரே வருபவரின் கண் செலவாகிறது.

சிக்கல் ஒளியின் அளவோடு நிற்பதில்லை. ஹாலஜன் விளக்கின் எதிரொளிப்பான், இழை எங்கே இருக்கும் என்பதைத் துல்லியமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அதே கூட்டில் எல்.இ.டி.யைச் செருகும்போது ஒளிமூலத்தின் இடமும் வடிவமும் மாறுகின்றன. தாழ்கற்றைக்கு மேலே இருளாக இருக்க வேண்டிய பகுதியிலும் ஒளி சிதறுகிறது. ஓட்டுநர் முறைப்படி 'டிம்' செய்திருந்தாலும் எதிரே வருபவருக்கு அது உயர்கற்றையாகவே தோன்றும். ஆக, பண்பாளரின் வாகனமும் பிறரைக் குருடாக்க இயலும். இதை வெறும் பண்புக்குறை என்று கூறுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கண்ணுக்குள் நிகழ்வதும் அறிந்ததே. விழிவில்லையிலும் அதனை அடுத்த ஊடகங்களிலும் சிதறும் ஒளி, விழித்திரையின் மேல் ஒரு வெண்திரைபோலப் படிகிறது. ஏற்கெனவே மங்கலாகத் தெரியும் பாதசாரி அத்திரைக்குப் பின்னே மறைந்துவிடுகிறார். இத்திரையின் அடர்த்தி, ஒளிமூலத்துக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையிலான கோணத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைவது. கோணம் பாதியானால் திரை நான்கு மடங்கு அடர்த்தியாகும். நடுத்திட்டு இல்லாத இருவழிச் சாலைகளில் எதிர்வரும் வாகனம் மிகச் சிறிய கோணத்தில் நெருங்குகிறது. இந்தியாவின் மாநில, மாவட்டச் சாலைகளில் பெரும்பாலானவை அத்தகையவையே. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிச்செடி வளர்க்கப்படுவதன் நோக்கங்களுள் ஒன்று எதிரொளியைத் தடுப்பது. அந்தப் பாதுகாப்பு சிற்றூர்ச் சாலைக்குக் கிட்டவில்லை.

வயதும் இதில் பங்கு வகிக்கிறது. எழுபது வயதுக் கண்ணில் சிதறல், இளங்கண்ணில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. கண்புரை இருந்தால் இன்னும் மிகுதி. இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமே கண்புரைதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கண் மீள மூன்று நொடி ஆகுமானால், ஐம்பது மீட்டர் தொலைவு பார்வையின்றியே கடக்கப்படுகிறது. அந்த ஐம்பது மீட்டரில் நிற்பவர் யார்? 2022இல் சாலையில் இறந்தோரில் 44 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். உயரமான எஸ்.யூ.வி. வாகனங்கள் புதிய கார் விற்பனையில் பாதிக்கும் மேலாகிவிட்ட நாட்டில், தாழ்கற்றைகூட மிதிவண்டிக்காரரின் கண்மட்டத்தை நெருங்குகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதற்கென்றே எழுதப்பட்டது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் எவரையும் கூசச் செய்யாதவாறு ஒளிக்கற்றை கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநரால் அவ்வாறு திருப்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் இவ்வளவு துல்லியமாகக் கூறும் விதி, 'கூசச் செய்தல்' என்பதற்கு மட்டும் எந்த அளவையும் கூறவில்லை. எத்தனை கேண்டெலா, எத்தனை லக்ஸ் என்ற எண் அங்கில்லை. சாலையில் நிற்கும் காவலர் எதைக் கொண்டு அளப்பார்? அதிர்வெண்மானி இல்லாத மின்தொகுப்பின் நிலைதான் இது.

சோதனையும் அவ்வாறே. வணிக வாகனங்கள் தகுதிச் சான்றுக்காக எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கொருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் வர வேண்டும். தனியார் காரும் இருசக்கர வாகனமும் பதிவுக்காலமான பதினைந்து ஆண்டு முடியும் வரை எந்தத் தகுதிச் சோதனைக்கும் வருவதில்லை. இடையில் விளக்கை மாற்றினாலும், கற்றையின் கோணம் பிசகினாலும் அறிவதற்கு வழியில்லை. வாகனத்தை விருப்பம்போல் மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆயினும் அந்த மாற்றத்துக்கு வேண்டிய பொருள் கடைவீதியில் வெளிப்படையாக விற்கப்படுகிறது. வாங்கியவர் குற்றவாளி, விற்றவர் வணிகர் என்னும் நிலை நீடிக்கும்வரை அபராதம் பயன்தராது.

இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு. அமைச்சகத்தின் விபத்து அறிக்கை காரணங்களை மிகைவேகம், போதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசிப் பயன்பாடு, பிற என்று வகுக்கிறது. கண்கூச்சம் தனி வகையன்று. கூசிய கண்ணோடு நிறுத்தியிருந்த லாரியில் மோதியவர், அறிக்கையில் மிகைவேகத்தால் இறந்தவராகலாம். 'பிற' என்பதில் கரையலாம். எண்ணப்படாத ஒன்றுக்கு நிதி ஒதுக்கீடும் இராது, ஆய்வும் இராது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று முன்வைக்கப்படுவதுண்டு. இந்தியச் சாலைகளில் தெருவிளக்கு இல்லை. குறியிடாத வேகத்தடை, படுத்திருக்கும் மாடு, பின்விளக்கில்லாத டிராக்டர் ஆகியவற்றைக் காண ஓட்டுநருக்குக் கூடுதல் ஒளி வேண்டும். அது ஆடம்பரமன்று, தற்காப்பு. இவ்வாதத்தை ஏளனம் செய்வது நேர்மையன்று. ஒற்றை ஓட்டுநரின் நிலையிலிருந்து பார்த்தால் அது முற்றிலும் அறிவுக்குகந்ததே. ஆனால் 2002க்கு முன் மிகையாக இழுத்த ஒவ்வொரு மாநிலமும் தன்னளவில் அறிவுக்குகந்ததையே செய்தது. எதிரே வருபவர் உயர்கற்றையில் வரும்போது தானும் அதையே இட்டால் ஓரளவு தெரிகிறது. இருவரும் தாழ்த்தினால் இருவருக்கும் நன்றாகத் தெரியும். முதலில் தாழ்த்துபவர் மட்டும் இழக்கிறார். தனிமனித அறிவுரையால் இத்தகைய முட்டுக்கட்டை அவிழ்வதில்லை. அளவையும் விலையும் தானியங்கு பொறியும் சேர்ந்தே அதை அவிழ்க்கும். மின்தொகுப்பு காட்டிய வழி அதுதான்.

இனி இவ்விரு சிக்கல்களும் ஒப்புமையளவில் நில்லாமல் நேரடியாகவே இணையப்போகின்றன. பெட்ரோல் வாகனத்தின் விளக்கு மின்தொகுப்பைத் தொடுவதில்லை. மின்வாகனமோ மாலையில் வீடு திரும்பியதும் செருகியில் இணைக்கப்படுகிறது. ஒரு மின் ஸ்கூட்டரை ஏற்ற ஏறத்தாழ 700 வாட் தேவை எனக் கொள்வோர், அது 9 வாட் விளக்குகள் எழுபத்தைந்துக்கு மேல் எரிவதற்குச் சமம் என்பதை உணர வேண்டும். ஒரு கோடி ஸ்கூட்டர்கள் ஒரே வேளையில் இணைக்கப்பட்டால் 7,000 மெகாவாட். எல்.இ.டி. திட்டம் உச்சத்தேவையில் மிச்சப்படுத்தியதில் முக்கால் பங்கு அங்கேயே கரைந்துவிடும். 2024 மே 30 அன்று நாட்டின் தேவை 250 கிகாவாட்டைத் தொட்டபோது அது பகற்பொழுது, சூரியன் துணைநின்றது. மாலையில் அத்துணை இல்லை.

மின்துறையில் இதற்கான விடை ஏற்கெனவே உருப்பெற்று வருகிறது. 2023ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதித்திருத்தம், நாளின் நேரத்துக்கேற்ற கட்டணத்தை அறிமுகம் செய்தது: சூரிய ஒளி வேளையில் 10 முதல் 20 விழுக்காடு குறைவு, உச்ச வேளையில் அதே அளவு கூடுதல். மின்வாகன ஏற்றிகள் நள்ளிரவிலோ நண்பகலிலோ தாமே இயங்கும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டால், மக்கள் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இவ்வணுகுமுறை சாலைக்கும் வர வேண்டும்.

அதற்கான முதற்படி எண்ணுதல். சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் எதிரொளி என்னும் காரணத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். இரண்டாவது, 106ஆம் விதிக்கு அளவிடத்தக்க ஓர் எண் வேண்டும். மூன்றாவது, ஆண்டுக்கொருமுறையேனும் பெரும்பாலான வாகனங்கள் செல்லவேண்டிய இடம் ஒன்று ஏற்கெனவே உள்ளது: புகைச் சோதனை நிலையம். அங்கே முகப்பு விளக்கின் கோணத்தையும் ஒளிச்செறிவையும் அளக்கும் கருவியைச் சேர்த்தால் பதினைந்தாண்டு இடைவெளி ஓராண்டாகச் சுருங்கும். நான்காவது, ஒப்புதல் பெறாத மாற்று விளக்குகளின் விற்பனையைக் கடையிலேயே தடுக்க வேண்டும். ஐந்தாவது, தானே தாழும் கற்றை விலையுயர்ந்த கார்களின் அலங்காரமாக இருப்பது மாறி, லாரி, பேருந்து முதலாக எல்லா வகை வாகனங்களுக்கும் கட்டாயமாக வேண்டும்.

இவற்றோடு, குறைந்த ஒளியிலும் காணத்தக்க சாலை வேண்டும். எதிரொளிக்கும் பட்டைகள், தெளிந்த ஓரக்கோடுகள், மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் ஒளியைச் சிதறவிடாத தெருவிளக்குகள் ஆகியவை ஓட்டுநரின் மெய்யான தேவையை நிறைவு செய்யும். வீணாகச் சிதறும் ஒளியைத் தடுக்கும் தெருவிளக்கு குறைந்த வாட்டில் அதே பணியைச் செய்வதால், மாலை உச்சத்தேவையும் சற்றுத் தணியும். லடாக்கின் ஹான்லேயில் வானியல் நோக்கத்துக்காக 2022இல் இருள்வான் காப்பகம் அமைத்த நாடு, தேவையற்ற ஒளியும் ஒரு மாசு என்பதைக் கொள்கையளவில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. விண்மீனைக் காணும் தொலைநோக்கிக்கு அளித்த அக்கறை, இரவுச் சாலையில் நடப்பவரின் கண்ணுக்கும் உரியது.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கே திறந்த களம் உள்ளது. மின்பொறியியல், கண்மருத்துவம், சட்டம், பொருளியல் ஆகிய நான்கு துறைகளும் சந்திக்கும் இடம் இது. நான்கில் எதுவும் இதைத் தனக்குரியதாகக் கொள்ளவில்லை. இந்தியச் சாலைகளில், இந்தியக் கண்களில், உண்மையில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அளக்கப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு லக்ஸ்மானி, ஒரு மாவட்டச் சாலை, சில மாலைப்பொழுதுகள் போதும். எந்த விதித்திருத்தமும் அந்த எண்களிலிருந்தே தொடங்க வேண்டும்.